ஏரா வைத்த நாள்

சூடான இரும்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாசனை வரும். முதல் மழையில் மண்ணிலிருந்து வருகிற வாசனை வயிற்றுக்குள் இறங்கும். இது அப்படியில்லை. மூக்கில் ஏறி, இரண்டு புருவத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரும்புக் கதவு செய்கிற பட்டறை ஒன்றில், அறுத்து முடித்த சட்டத்தின் மேல் ஒருவர் பிளாஸ்டிக் குவளையால் தண்ணீர் ஊற்றினார். நான் கத்திரிக்காய்ப் பையோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். நின்றுவிட்டேன். என் கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. கற்கண்டு இருக்கிறதா என்று தேடியது.

கற்கண்டு ஏன் என்பதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

நான் ஒரு ரோலிங் மில்லில் எழுத்தராக இருந்தேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற சாலையில், வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிச் சற்று உள்ளே போனால் எங்கள் மில். இரும்புக் கட்டையை உலையில் பழுக்க வைத்து, உருளைகளுக்கு நடுவில் விட்டு விட்டு எடுத்து, கம்பியாகவும் ‘எல்’ வடிவ ஆங்கிளாகவும் நீட்டுவார்கள். சிவந்த இரும்பு உருளையிலிருந்து சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து பாயும். இடுக்கிக்காரர் அதன் கழுத்தைப் பிடித்துத் திருப்பி மறுபடி உள்ளே விடுவார். ஒரு கணம் தவறினால் தொடையில் சுற்றும். அவர் தொடையில் இரண்டு முறை சுற்றியிருக்கிறது. நாற்பது பேர் வேலை செய்த இடம். நான் மட்டும்தான் அங்கே வேர்வையில் நனையாத சட்டை போட்டவன்.

என் மனைவியின் தம்பியும் அங்கேதான் வெல்டராக இருந்தான். மச்சான் என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். அவன் என்னை மாமா என்பான். 2004 கடைசியில் கடல் ஊருக்குள் வந்து போனபோது, கடலூர் துறைமுகத்தில் படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. முதலாளி நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். இரண்டு கேஸ் சிலிண்டரையும் மச்சானையும் அங்கே அனுப்பி, ஒரு வாரம் போய் முடிந்ததைச் செய்து கொடுத்துவிட்டு வா என்றார். ஒரு வாரத்துக்கென்று போனவன் திரும்பவில்லை.

மரப் படகு எல்லாம் விறகாகிவிட்டது, இனிமேல் இரும்புதான் வேண்டும் என்று கடல்காரர்கள் கேட்டார்கள். முதுநகருக்குப் பக்கத்தில், உப்பனாற்றங்கரையில், சேறும் சிப்பியும் கலந்த ஒரு துண்டு நிலத்தில் மச்சான் படகு கட்ட ஆரம்பித்தான். இரண்டு வருஷத்தில் ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறவனாகிவிட்டான். வெல்டிங் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து உடையும். மத்தி மீன் கவுச்சியும் வெந்த இரும்பின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் கையால் ஆன வேலை ஒன்று அங்கே இருந்தது. படகு முடிந்ததும் முன்மூக்கில் அதன் பெயரைச் சுண்ணக்கட்டியால் நான் எழுதுவேன். பெயின்டர் அதன் மேல் வண்ணம் பூசுவார். என் எழுத்து கொஞ்சம் இடது பக்கம் சாயும். அத்தனை படகுகளின் பெயரும் இடது பக்கம் சாய்ந்துதான் கடலுக்குப் போயின.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். படகின் விலா எலும்புக்கு ஆங்கிள் வேண்டும். அது எங்கள் மில்லில் கிடைக்கும். ஆனால் படகின் தோலுக்குத் தகடு வேண்டும். தகடு உருட்டுகிற உருளை எங்களிடம் கிடையாது. சென்னை வியாபாரிகளிடம்தான் வாங்க வேண்டும். அது பெரும்பாலும் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய தகடு.

2008 கடைசியில் உலகம் முழுக்க இரும்பு விலை சரிந்தது. எங்கள் மில் முற்றத்தில் ஆங்கிள் குவிந்தது. நாங்கள் உருட்டி முடிக்கிற செலவைவிடக் குறைந்த விலைக்கு வெளிநாட்டு இரும்பு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் உலையை அணைத்தார்கள். அணைந்த உலையின் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? இழவு வீட்டு அடுப்புக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. ஆட்கள் கொஞ்ச நாள் வேப்பமரத்தடியில் சீட்டாடினார்கள். அப்புறம் சீட்டாட்டமும் நின்றது. இடுக்கிக்காரர் சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பு வெட்டப் போனார். சிவந்த இரும்பைக் கழுத்தில் பிடித்த கை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஆலை முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து டெல்லிக்கு மனு கொடுக்கப் போகிறார்கள், தொழிலாளர்கள் சார்பில் தமிழில் ஒன்று வேண்டும் என்றார். "நீதான் கவிதை எல்லாம் எழுதறியே. படிக்கிறவனுக்குக் கண்ணுல தண்ணி வரணும்" என்றார்.

எழுதினேன். வேலி இல்லாத பயிர் என்று எழுதினேன். பக்கத்து ஊர் மாடு மேய, இந்த ஊர் உழவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதினேன். முதல் படியில் கம்பிக்கும் ஆங்கிளுக்கும் இறக்குமதி வரி போடுங்கள் என்றுதான் இருந்தது. திரும்பப் படித்தபோது அந்த வாக்கியம் நொண்டியது. ஓசை நிற்கவில்லை. அடித்துவிட்டு, "அயல்நாட்டு இரும்பு எதுவாயினும், எந்த வடிவில் வந்தாலும்" என்று மாற்றினேன். உடனே வாக்கியம் நிமிர்ந்து நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது. அந்த "எதுவாயினும்" என்ற சொல்லுக்குள் உப்பனாற்றங்கரையின் தகடு இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் வரி வந்தது. என் மனுவால் வந்தது என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பெரிய ஆலைக்காரர்கள் டெல்லியில் பேசினால் கேட்கும். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எந்தப் பெட்டியில் போட்டார்களோ. ஆனால் உலை மறுபடி எரிந்தது. கற்பூரம் காட்டிப் பற்றவைத்தார்கள். இடுக்கிக்காரர் கரும்புத் தோகை கிழித்த கையோடு திரும்பி வந்து, உலை வாய்க்கு எதிரே நின்று முகத்தைச் சூட்டில் காட்டினார், பனிக்காலத்தில் வெயில் காய்கிற மாதிரி. அந்த வருஷம் அவர் மகள் நர்சிங் சேர்ந்தாள். வரி யாரையும் காப்பாற்றாது என்று யாராவது சொன்னால் நான் அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன். அது பொய்யில்லை.

மச்சான் மட்டும் சிரித்தான். தகடு விலை ஏறியிருந்தது. வெளிநாட்டுத் தகட்டுக்குத்தான் வரி போட்டார்கள். ஏறியது உள்நாட்டுத் தகடும் சேர்த்து. போட்டி இல்லை என்றால் யார் இறக்குவார்கள்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை வியாதிக்காரனான எனக்குச் சீனி இல்லாத டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் டீயில் பன்னைத் தொட்டுக்கொண்டே சொன்னான்.

"எங்க ஒடம்புலேந்து எடுத்து ஒங்களுக்கு ரத்தம் ஏத்தறாங்க மாமா. நல்லா இருங்க."

மில் மூடிவிட்டால் நாளைக்கு வெளிநாட்டுக்காரன் வைத்ததுதான் விலை, அப்போது யாரிடம் போய் அழுவாய் என்று கேட்டேன். இதையும் நான் நம்பித்தான் சொன்னேன். அவன் டீயை ஊதினான்.

"இன்னிக்குப் படகு கட்டலன்னா நாளைக்கு இரும்ப வச்சிகினு நான் என்னா செய்யறது?"

அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் பேச்சு எல்லாம் அப்படித்தான். அவன் கேள்வியோடு விடுவான், நான் பஸ் ஏறி வந்து மூன்று நாள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன், மனதுக்குள்.

வேலி போட்டாயிற்று. ஆனால் வேலி போட்ட பிறகு யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. எங்கள் உருளைகள் தேய்ந்திருந்தன. உலை பழசு, எரிபொருளைக் குடித்தது. மாற்றினால் செலவு பாதியாகும் என்று கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்த்த இன்ஜினியர் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. வெளியிலிருந்து வருவதற்குத்தான் வரி இருக்கிறதே, இப்போது என்ன அவசரம் என்றார். ஒரு வருஷம் போனது, இன்னொரு வருஷம் போனது. அப்புறம் மின்வெட்டு வந்தது. இரும்பு பாதி உருண்டிருக்கும்போது கரண்டு போகும். உருளைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட இரும்பு சிவப்பிலிருந்து கறுப்பாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வேலை நாட்கள் குறைந்தன. வாரத்துக்கு இரண்டு நாள், அப்புறம் ஒரு நாள்.

2011 மார்கழி நடுவில் ‘தானே’ புயல் அடித்தது. கடலூரிலிருந்து பண்ருட்டி வரை முந்திரியும் பலாவும் வேரோடு படுத்தன. துறைமுகத்தில் மறுபடி படகுகள் முட்டிக்கொண்டு உடைந்தன. தெற்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு படகுக்காரர், அறுபது வயதிருக்கும், மச்சானைத் தேடி வந்தார். அவருடைய படகு இரண்டாகப் பிளந்திருந்தது. நகை விற்றது, நிவாரணம், மருமகன் கொடுத்தது எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும், அதற்குள் படகு வேண்டும் என்றார். தை மாதத்தில் நாள் குறித்தார்கள், ஏரா வைக்க.

ஏரா என்பது படகின் முதுகெலும்பு. அடியில் நீளமாகப் படுத்திருக்கும். அதை முதலில் மண்ணில் கிடத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். அந்த இடத்தில்தான் படகின் விலை பேசப்படும். கட்டுகிறவன் விலையை வாயால் சொல்ல வேண்டும். கட்டுகிறவன் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் வெற்றிலைத் தட்டை எடுத்துப் படகுக்காரரிடம் நீட்ட வேண்டும். அவர் ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் முடிந்தது. அந்தச் சொல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. காகிதம் கிடையாது. அட்வான்ஸ் வாங்கித் தகடு எடுப்பதுகூட அதற்குப் பிறகுதான். முதலில் சொல், பிறகு இரும்பு. மரப் படகுக் காலத்திலிருந்து அப்படித்தான். அப்போது மரம் பக்கத்து ஊர்த் தோப்பில் இருந்தது. டெல்லியில் யாரும் அதன் விலையை ஏற்றவில்லை. இரும்பு வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் எங்கள் மில்லுக்குள் மூன்று லாரி வந்தது. தகடு. வெளிநாட்டுத் தகடு. நாங்கள் உருட்டாத, உருட்டவே முடியாத தகடு. முதலாளி நின்று இறக்கினார். கிடங்கின் பின்பக்கம் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். வந்த தேதியை அடுக்கின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் எழுதச் சொன்னார். எழுதினேன். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, பட்ஜெட்டில் தகட்டுக்கு வரி இன்னும் ஏறப் போகிறது, சென்னையில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்றார். இந்தச் சரக்கை வைத்திருந்து விற்றால் வருகிற லாபத்தில் பெரிய ஜெனரேட்டர் வாங்கலாம், உலையை முழு வாரமும் எரிக்கலாம், நாற்பது பேருக்கும் வேலை நிற்கும்.

"ஒன் மச்சானுக்கும் மூச்சு விடாத. அவனுக்குத் தெரிஞ்சா ஹார்பர் பூரா தெரிஞ்சுபுடும்."

நான் தலையாட்டினேன். ஒரு பக்கம் நாற்பது பேர், ஒரு பக்கம் மச்சான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது. அதுதான் என்னைத் தின்கிறது.

ஏரா வைத்த அன்று வெயில் இளசாக இருந்தது. உப்பனாறு ஏற்றத்தில் நிறைந்து நின்றது. இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏரா படுத்திருந்தது, மஞ்சள் தடவி, தூங்குகிற பிள்ளை மாதிரி. என் மனைவி கோலம் போட்டாள். படகுக்காரர் குளித்து, வெள்ளை வேட்டியோடு நின்றார். புயலுக்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை என்றார்கள். கற்பூரம் எரிந்தது. வெல்டிங் முனையால் ஏராவில் ஒரு பொட்டு வைத்த இடத்தில் யாரோ தண்ணீர் தெளிக்க, அந்த வாசனை எழுந்தது.

மச்சான் விலையைச் சொல்ல வாயெடுத்தான். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருந்தது. முழுசாக ஒரு நிமிஷம். கற்பூரம் அணையட்டும் என்று காத்திருந்தோம். தகட்டை முதலில் வாங்குடா, விலையை அப்புறம் பேசு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. காதோரம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஓரமாகக் கூப்பிட்டிருக்கலாம். கோலத்தை மிதித்துக் காரியத்தையே கெடுத்திருக்கலாம். கற்பூரம் அணைந்தது. அவன் விலையைச் சொன்னான். அன்றைய தகடு விலைக்கு நியாயமான விலை. பாவப்பட்ட மனுஷன் என்று கொஞ்சம் குறைத்தே சொன்னான்.

நான் வெற்றிலைத் தட்டை எடுத்தேன். நீட்டினேன். என் கை நடுங்கியது. தட்டில் பாக்கு உருண்டு சத்தம் போட்டது. எல்லாரும் பார்த்தார்கள். படகுக்காரர் ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மச்சான் தட்டிலிருந்து இரண்டு கற்கண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவனே மடக்கிவிட்டான். பிரசாதம் என்று நினைத்தேன். வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது. அந்த இனிப்பை நான் எங்கே போய்த் துப்புவது.

பங்குனியில் பட்ஜெட் வந்தது. வரி ஏறியது கொஞ்சம்தான். அதைச் சாக்காக வைத்து வியாபாரிகள் விலையை ஏற்றியது அதைவிடப் பெரிசு. ரூபாயும் விழுந்திருந்தது. சென்னை வியாபாரிகள் சரக்கு இல்லை என்றார்கள். இருக்கிறவர்கள் சொன்ன விலையைக் கேட்டு மச்சான் திரும்பி வந்தான். உள்நாட்டுப் பெரிய ஆலைத் தகடு வாங்கலாம் என்றால் சின்ன ஆளுக்கு அவர்கள் கொடுப்பதில்லை, வியாபாரி வழியாகத்தான். அட்வான்ஸில் வாங்கியிருந்த தகடு படகின் இடுப்பு வரை வந்தது. அதற்கு மேல் விலா எலும்புகள் வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

சித்திரையில் ஒரு நாள் காலை, மச்சான் மில்லுக்கே வந்துவிட்டான். எங்கள் முதலாளியிடம் தகடு இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய விசுவாசத்துக்கு ஏதாவது குறைத்துக் கொடுப்பார் என்று நினைத்திருக்கிறான். முதலாளி நன்றாகத்தான் பேசினார், காப்பி வாங்கிக் கொடுத்தார். விலையை மட்டும் சென்னை விலையாகச் சொன்னார். வரி ஏறிவிட்டது தம்பி, நான் என்ன செய்யட்டும் என்றார். மச்சான் சரக்கைப் பார்க்கலாமா என்று கேட்டான். தார்ப்பாயைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்ட வேண்டியவன் நான்.

தூக்கினேன். அவன் தகட்டின் ஓரத்தில் கை வைத்துத் தடவினான், மாட்டுத் தரகர் மாதிரி. கை ஓரிடத்தில் நின்றது. வரி ஏறுவதற்கு முந்தைய தை மாதத் தேதி. இடது பக்கம் சாய்ந்த எழுத்து. அவனுடைய அத்தனை படகுகளின் மூக்கிலும் இருந்த எழுத்து.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு மாசமாயும் அழியல. நல்ல சுண்ணக்கட்டி மாமா."

தார்ப்பாயை அவனே இழுத்து மூடினான். பஸ் ஸ்டாப் வரை நான் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் முதலாளியின் மேசை முன்னால் நின்று கெஞ்சினேன். வாங்கின விலைக்குக் கொடுங்கள், அந்த ஒரு படகுக்கு மட்டும். வேண்டுமானால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன் மச்சானுக்கு ஒரு வெல, ஊருக்கு ஒரு வெலயா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஜெனரேட்டர் எங்கே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்துச் சொன்னார்:

"டீசல் போட்டு உருட்டுனா நஷ்டம். தகட்ட அடுக்கி வச்சிகினு உக்காந்தா லாபம். நீயே சொல்லு, நான் எத செய்யட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே, மாசியிலிருந்து எரியாத உலை தெரிந்தது. அதன் வாயில் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. எந்த உலைக்காக வேலி கேட்டேனோ, அதன் வாயில். வேலிக்குள்ளே பயிர் எப்போதோ கருகிவிட்டது. வேலிக்குத்தான் இப்போது விலை.

தடைக்காலம் முடிந்தது. அன்று நான் கடலூரில் இருந்தேன், ஏன் போனேன் என்று தெரியாது. துறைமுகத்தில் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பின. மாலை போட்டு, தேங்காய் உடைத்து. படகுக்காரர் மட்டும் உப்பனாற்றங்கரையில் அரைப் படகின் நிழலில் உட்கார்ந்து எஞ்சின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேளேன், அவரும் மனுஷன்தானே என்று அங்கிருந்தவர்கள் மச்சானிடம் சொன்னார்கள். படகுக்காரர் காதில் விழுந்தது. வெற்றிலை எடுத்தாச்சு என்று மட்டும் அவர் சொன்னார். குரலில் பிடிவாதம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அவரிடமும் வேறு எதுவும் மிச்சமில்லை.

மச்சான் வெல்டிங் செட்டை விற்றான். ஒன்றல்ல, மூன்று. சிலிண்டர், கிரைண்டர், படகை ஏற்றி இறக்குகிற வின்ச்சு எல்லாம் போனது. கடைசியாக அந்த இடத்தையே மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தான். தகடு வாங்கினான். எங்கள் மில்லில் வாங்கவில்லை. விற்ற செட்டையே நாள் வாடகைக்குத் திரும்ப வாங்கி, ஆறு பேரில் நாலு பேரை அனுப்பிவிட்டு, தானே குனிந்து வெல்டு வைத்தான். நான் போனால், வாங்க மாமா என்பான். சாப்பிட்டீங்களா என்பான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. திட்டியிருந்தால் எனக்கு உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கும்.

ஆடியில் படகு தண்ணீரில் இறங்கியது. சொன்ன விலைக்கு. பெயர் எழுத என்னைக் கூப்பிடவில்லை. பெயின்டரே நேராக எழுதிவிட்டார். எழுத்து நேராக நின்றது, எந்தப் பக்கமும் சாயாமல். நான் கரையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அதே மாதத்தில் மில்லின் உருளைகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு ஏற்றிவிட்டார்கள். கட்டடம் கிடங்காயிற்று. இடுக்கிக்காரர் மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது, அந்த ஒரு வீடு தப்பித்தது. என்னையும் கிடங்கில் இருக்கச் சொன்னார்கள். தகட்டில் தேதி எழுத. நான் போகவில்லை. பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மச்சானுக்கு வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வெல்டர் வேலை கிடைத்தது. ஆறு பேருக்கு வேலை கொடுத்தவன் நாற்பது வயதில் மறுபடி இன்னொருவர் கீழே. ஆவணியில் புறப்பட்டான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டியில் ஏற்றிவிட நான் மட்டும் போனேன். என் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தகடு விலை ஏறியதால் தம்பி நொடித்துப்போனான் என்று மட்டும் தெரியும். டெல்லிக்காரர்களைத் திட்டிக்கொண்டேதான் புளி கரைத்தாள்.

பையை மேலே வைத்தேன். இறங்கி ஜன்னலோரம் நின்றேன். டிரைவர் வந்து உட்கார்ந்தார். மறுபடி ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்திருந்தது. இந்த முறை விட்டுவிடக் கூடாது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் இரும்பு. வெயிலில் கொதித்தது.

"மச்சான், அன்னைக்கே எனக்குத் தெரியும்டா. ஏரா வச்ச அன்னைக்கு."

அவன் முகம் மாறவில்லை. வண்டி உறுமியது. கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தான்.

"தட்ட நீட்டறப்பவே ஒங்க கை நடுங்குச்சு மாமா. சக்கர கொறஞ்சுடுச்சுன்னு நெனச்சித்தான் கல்கண்டு குடுத்தேன்."

வண்டி நகர்ந்தது. நான் கம்பியை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தேன். அவன்தான் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"பையில எப்பவும் ரெண்டு கல்கண்டு வச்சிக்குங்க. வரேன் மாமா."